மழை பெய்தால் வழுக்கும் மலை

வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளின் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிற எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். திரையில் ஓடும் வீரன் பனைமர உயர அரக்கனை வெட்டிச் சாய்க்கிறான். அடுத்த நிமிடம் பூட்டிய மரக்கதவு ஒன்றின் முன்னால் திகைத்து நிற்கிறான். சாவி வேண்டுமாம். அதைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைகிறான். அவன் முதுகிலேயே கோடாலி தொங்குகிறது. கதவோ மரக்கதவு. இரண்டு போடு போட்டால் வேலை முடிந்தது. ஏன் போடமாட்டேன் என்கிறான்?

பிள்ளையைக் கேட்டால், "கேம்ல அப்படியெல்லாம் கிடையாது" என்று பதில் வரும். சரியான பதில்தான். அந்த உலகத்தில் மரம் என்ற ஒன்றே கிடையாது. மரம்போலத் தெரிகிற ஒரு படம் இருக்கிறது. அதற்குப் பின்னால் நிரலாளர் எழுதிய ஒரே ஒரு கட்டளை இருக்கிறது: சாவி இருந்தால் திற, இல்லாவிட்டால் திறக்காதே. கோடாலிக்கும் தனியாக ஒரு கட்டளை உண்டு: எதிரியின் மேல் பட்டால் அவன் உயிரில் இவ்வளவு குறை. கோடாலியும் கதவும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. கணினிக்குள் எழுதாதது நடக்காது.

எழுதிவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு விளையாட்டில் 100 வகைப் பொருள்கள் இருந்தால், இரண்டிரண்டாக அவை சந்தித்துக்கொள்ள 4,950 வழிகள். பொருள்களை 200 ஆக்கினால் 19,900. பொருள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகிறது. ஒவ்வொன்றையும் எழுதி, சோதித்து, பிழை திருத்த எந்த நிறுவனத்திடமும் ஆளும் இல்லை, நாளும் இல்லை.

திறந்த உலக விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. கட்டம் கட்டமாக முன்னேறுவதற்குப் பதில் ஒரே பெரிய நிலப்பரப்பில் நினைத்த திசையில் போகலாம். இந்த வகையின் பெரும்பாலான விளையாட்டுகள் மேற்சொன்ன கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு சமரசம் செய்துகொண்டன. நிலத்தை விரித்துக்கொண்டே போயின. அந்த நிலத்தில் செய்ய முடிந்ததைச் சுருக்கிக்கொண்டன. வரைபடம் முழுக்க அடையாளக் குறிகளைத் தூவி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஆட்டக்காரரை அனுப்பின.

இந்தச் சமரசத்தை ஏற்காத விளையாட்டு ஒன்று 2017 மார்ச் 3 அன்று வெளியானது. ஜப்பானின் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தின் 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. இயக்குநர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி, தயாரிப்பாளர் எய்ஜி ஆவோனுமா. கதை எளியது. நூறாண்டு உறக்கத்திலிருந்து லிங்க் என்ற வீரன் விழிக்கிறான். ஹைரூல் நாடு பாழடைந்து கிடக்கிறது. நடுவில் உள்ள கோட்டையை கானன் என்ற தீய சக்தி சூழ்ந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரு பீடபூமியில் சில அடிப்படைகளைக் கற்றதும், நேராகக் கோட்டைக்கே போய் கானனை எதிர்க்கலாம். அப்படிப் போய் அரை மணி நேரத்துக்குள் ஆட்டத்தை முடிக்கிற வேகக்காரர்கள் இருக்கிறார்கள். நூறு மணி நேரம் கழிந்தும் கோட்டைப் பக்கம் தலைவைக்காமல் மலையேறிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஓர் ஆற்றங்கரையில் பாலம் இல்லையென்றால், பக்கத்து மரத்தைக் கோடாலியால் வெட்டலாம். அது ஆற்றின் குறுக்கே விழுந்தால் பாலம். காய்ந்த புல்லில் தீ வைத்தால் காற்று வீசும் பக்கம் பரவும். தீக்கு மேலே சூடான காற்று எழும்பும். கையிலிருக்கும் பாய்மரத் துணியை விரித்தால் அந்தக் காற்று ஆளை மேலே தூக்கும். இடி இடிக்கும்போது இரும்பு வாளோடு வெட்டவெளியில் நின்றால் மின்னல் அவன் தலையில்தான் இறங்கும். அதே வாளைக் கழற்றி எதிரியின் காலடியில் வீசிவிட்டு ஓடிவிட்டால், மின்னல் எதிரியைக் கவனித்துக்கொள்ளும்.

இத்தனையையும் தனித்தனியாக எழுதினார்களா? இல்லை. எப்படிச் செய்தார்கள் என்பது ஊகமும் இல்லை. விளையாட்டு வெளியான அதே வாரம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஃபுஜிபயாஷி, தொழில்நுட்ப இயக்குநர் தகுஹிரோ தோத்தா, கலை இயக்குநர் சதோரு தகிசாவா மூவரும் மேடையேறி விளக்கினார்கள். முதலில் அவர்கள் செய்துபார்த்தது பெரிய முப்பரிமாண உலகத்தை அல்ல. 1986-இல் வந்த முதல் ஸெல்டாவைப்போல மேலிருந்து பார்க்கிற, கட்டம் கட்டமான, தட்டையான ஒரு மாதிரியைத்தான். அதில் லிங்க் மரத்தை வெட்டுகிறான், கட்டையை ஆற்றில் தள்ளி மிதக்க விடுகிறான், அம்பில் தீயேற்றி எய்கிறான். மரத்தைப் பற்றி எழுதிய விதிகளும் தீயைப் பற்றி எழுதிய விதிகளும் தாமாகவே ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று அந்தப் பொம்மை உலகத்தில்தான் சோதித்தார்கள்.

அந்த விதிகளின் தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயரை வேதியியல் பொறி என்று தமிழில் சொல்லலாம். இயற்பியல் பொறி விளையாட்டுத் துறைக்குப் புதிதல்ல. ஒரு பொருளைத் தள்ளினால் எங்கே போகும், விழுந்தால் எப்படி உருளும் என்று, அதாவது இடமாற்றத்தைக் கணக்கிடும் நிரல் அது. வேதியியல் பொறி கணக்கிடுவது நிலைமாற்றத்தை: நனைந்ததா, எரிகிறதா, உறைந்ததா, மின்சாரம் பாய்கிறதா. தீ, நீர், பனி, காற்று, மின்சாரம் ஆகியவற்றை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். இவற்றைப் பூதங்கள் என்று வைத்துக்கொள்வோம், ஐம்பூதம் என்கிற பொருளில். மரம், கல், இரும்பு, மாமிசம், எதிரி, லிங்க் எல்லாம் இன்னொரு பக்கம். இவை பொருள்கள். பிறகு மூன்றே விதிகள். பூதம் பொருளின் நிலையை மாற்றும். தீ பட்டால் மரம் எரியும். பூதம் இன்னொரு பூதத்தின் நிலையையும் மாற்றும். நீர் பட்டால் தீ அணையும். பொருள் இன்னொரு பொருளின் நிலையை மாற்றாது.

மூன்றாவது விதி வெறும் மறுப்புபோலத் தெரியும். என் பார்வையில் முழுக் கட்டடமும் அதன் மேல்தான் நிற்கிறது. பொருளும் பொருளும் சந்திக்கும் 4,950 வழிகளையும் நிலைமாற்றக் கணக்கிலிருந்து ஒரே அடியில் தூக்கி எறிவது அந்த விதிதான். மிஞ்சுவது 100 பொருளுக்கு 5 பூதம், 500 சந்திப்பு. பூதங்களுக்குள் இன்னொரு 10. மரத்தாலானவை எல்லாவற்றையும் ஒரே வகையாகவும் இரும்பாலானவற்றை இன்னொரு வகையாகவும் பிரித்தால் இதுவும் சுருங்கிவிடும். ஒரு சிறு குழு உட்கார்ந்து எழுதி முடிக்கக்கூடிய வேலை.

ஃபுஜிபயாஷி இதைப் பெருக்கல் முறை ஆட்டம் என்றார். நம் அடுக்களையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கடையில் பொட்டலமாக வாங்கும் தின்பண்டம் பத்து வாங்கினால் பத்துதான், அது கூட்டல். வீட்டில் ஒரு தூக்கு நிறைய அரைத்த மாவும் நாலு பாத்திரமும் இருந்தால் கதை வேறு. தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை, குழிச்சட்டியில் பணியாரம். அதில் வெங்காயத்தைச் சேர்த்தால் ஒன்று மட்டும் கூடுவதில்லை. வெங்காய ஊத்தப்பம், வெங்காயப் பணியாரம் என்று இருக்கிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒன்று கூடுகிறது. வெல்லம் சேர்த்தால் இன்னொரு வரிசை. அதே சமயம் மாவைச் சார்ந்து வாழும் வீட்டில் நாலாம் நாள் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பெயர் மாறும், வடிவம் மாறும், புளிப்பு மாறாது. இந்த விளையாட்டின் பெருமையும் குறையும் இந்த ஒரே தூக்கிலிருந்துதான் வருகின்றன.

பெருமையை முதலில் முடித்துவிடுவோம். எளிய விதிகள் சில சேர்ந்து, எழுதியவரே எதிர்பாராத விளைவுகளைத் தருவதை வெளிப்படு பண்பு என்று அறிவியலில் சொல்வார்கள். இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜான் கான்வே 1970-இல் அறிமுகப்படுத்திய 'வாழ்க்கை ஆட்டம்'. சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும் அல்லது இறந்திருக்கும். அடுத்த கணம் அது என்ன ஆகும் என்பதை அதன் இப்போதைய நிலையும் அக்கம்பக்கத்து எட்டுக் கட்டங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதும் மட்டுமே தீர்மானிக்கும். இவ்வளவுதான் விதி. இதிலிருந்து ஊர்ந்து செல்லும் உருவங்கள் பிறந்தன. ஒரு முழுக் கணினியையே இந்தக் கட்டங்களால் கட்ட முடியும் என்றும் நிறுவினார்கள்.

ஹைரூலில் இதன் தடயம் நன்றாகத் தெரிவது சிற்றாலயங்கள் எனப்படும் புதிர் அறைகளில். ஓர் அறையில் மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய வேண்டும், அப்போதுதான் கதவு திறக்கும். அங்கே கிடக்கும் இரும்புப் பெட்டிகளை நகர்த்தி இணைப்பு கொடுக்க வேண்டும் என்பது உருவாக்கியவர்கள் நினைத்த விடை. ஆட்டக்காரர்கள் பலர் பெட்டியைத் தொடவே இல்லை. தங்கள் வாளையும் கேடயத்தையும் கழற்றித் தரையில் வரிசையாகப் போட்டார்கள். இரும்பு இரும்புதானே? மின்சாரம் பாய்ந்தது, கதவு திறந்தது. எந்த நிரலாளரும் 'வாளைத் தரையில் போட்டால் கதவைத் திற' என்று எழுதியிருக்கவில்லை. இரும்பில் மின்சாரம் பாயும் என்று ஒருவர் எழுதியது போதுமானதாக இருந்தது.

விதிகள் மட்டும் ஆளை நகர்த்தாது. அடுத்து எங்கே போவது என்ற ஆசையை யார் மூட்டுவது? வரைபடக் குறிகள் மூட்டும் ஆசை சீக்கிரம் கடமையாகிவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி நிலவமைப்பு சார்ந்தது. விளையாட்டு வெளியான அதே ஆண்டு யோகோஹாமாவில் நடந்த ஜப்பானிய உருவாக்குநர் மாநாட்டில் அதைச் சொன்னார்கள். தொடக்கத்தில் உயர்ந்த கோபுரங்களை வழிகாட்டியாக நிறுத்தி, சோதனை ஆட்டக்காரர்கள் நடந்த தடங்களை வரைபடத்தில் பதிந்து பார்த்திருக்கிறார்கள். தடங்கள் ஒரே கோட்டில் குவிந்தன. யாரோ கைப்பிடித்து இழுத்துப்போவதுபோல் இருக்கிறது என்று குறை வந்தது. பிறகுதான் முக்கோண விதிக்கு மாறினார்கள். குன்று, பாறை, மேடு எல்லாவற்றையும் முக்கோண வடிவில் அமைத்தார்கள். முக்கோணம் இரண்டு வேலை செய்யும். தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறிப் போவதா சுற்றிப் போவதா என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடும். சுற்றினால், மறைந்திருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அங்கே ஓர் ஆலயமோ எதிரி முகாமோ தெரியும். அதை நோக்கி நடக்கும்போது வழியில் இன்னொரு முக்கோணம். பெரியவை தொலைவிலிருந்து திசை காட்ட, நடுத்தரமானவை பார்வையை மறைக்க, சிறியவை நடையின் வேகத்தை மாற்ற. பீடபூமியிலிருந்து இறங்குபவர் கண்ணில் முதலில் படும் பிளந்த இரட்டைச் சிகரம் இப்படி நிறுத்தப்பட்ட ஒன்று.

உளவியலாளர்களுக்கு இது ஆச்சரியம் தராது. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லனும் ஸ்டீஃபன் கப்லனும் நிலக்காட்சிப் படங்களைப் பலரிடம் காட்டி, எது பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முழுவதும் திறந்து கிடக்கும் காட்சியைவிட, வளைந்து மறையும் பாதையும் இலைகளுக்கு இடையில் பாதி தெரியும் வெளியும் அதிகம் விரும்பப்பட்டன. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மேலும் தெரியும் என்று வாக்களிக்கிற அந்தத் தன்மைக்கு அவர்கள் வைத்த பெயர் மர்மம்.

இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். 2017-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், தன்னார்வலர்கள் 24 பேரை மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தாமாக வழி தேடியபோது, புதுத்தெருவுக்குள் நுழையும் இடங்களில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் செயல்பாடு எகிறியது. இடங்களை நினைவில் வரைந்துவைக்கும் பகுதி அது. 'இடப்பக்கம் திரும்பு' என்று வழிகாட்டிக் கருவி சொல்லச் சொல்லப் போனபோது அந்த எகிறல் இல்லை. ஸெல்டாவை வைத்துச் செய்த சோதனை அல்ல இது. ஆனாலும் உயரத்தில் ஏறி நின்று, தொலைநோக்கியில் பார்த்து, நாமே வரைபடத்தில் ஊசி குத்தி வைக்கும் முறையில் சுற்றிய நிலம் ஏன் பல ஆண்டு கழிந்தும் மனதில் நிற்கிறது, குறிகளைத் துரத்திய வேறு விளையாட்டுகளின் நிலம் ஏன் நிற்பதில்லை என்பதற்கு நல்ல துப்பு.

இனி மழைக்கு வருவோம். இந்த விளையாட்டை ஆடியவர்களிடம் குறை சொல்லுங்கள் என்றால் பாதிப்பேர் மழையைத்தான் சொல்வார்கள். ஹைரூலில் ஏறக்குறைய எந்தச் சுவரிலும் பாறையிலும் ஏறலாம், தெம்பு தீரும்வரை. மழை பெய்தால் பாறை நனைகிறது, நனைந்த பாறை வழுக்குகிறது. நாலைந்து பிடி ஏறினால் ஒரு சறுக்கு. முக்கால் மலை ஏறிய பிறகு மழை பிடித்தால், ஒட்டுப்பாறையில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். நெருப்பு மூட்டி நேரத்தைக் கடத்தலாம் என்றால் திறந்தவெளியில் நெருப்பு நிற்காது. திரையின் ஓரத்தில் வானிலை முன்னறிவிப்பு இருக்கத்தான் இருக்கிறது. மலை உச்சியைப் பார்த்த உற்சாகத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

இது கவனக்குறைவால் வந்த பிழை அல்ல. தீயை நீர் அணைக்கும் என்ற விதியும் ஈரம் வழுக்கும் என்ற விதியும் எல்லோருக்கும் எல்லா நேரமும் செல்லும் என்பதால்தான் அந்த உலகத்தை நம்புகிறோம். நமக்குச் சிரமம் வரும்போது மட்டும் விதி வளைந்துகொடுத்தால், எதிரிக்கு எதிராக அதைப் பயன்படுத்தும் சூழ்ச்சியும் அர்த்தமிழக்கும். ஆனால் இந்த வாதத்தை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் உருவாக்கியவர்களே வேண்டிய இடத்தில் விதியை வளைத்திருக்கிறார்கள். சிற்றாலயங்களுக்குள் சுவரேற முடியாது. ஏற விட்டால் புதிர் குலைந்துவிடும். கிராமத்து வீடுகளின் மரக்கூரை எரியாது. எரிந்தால் கதை மாந்தருக்கு வீடு இருக்காது. அங்கெல்லாம் நம் பழைய மரக்கதவு சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனை இடங்களில் விட்டுக்கொடுத்தவர்கள், மழையில் கொஞ்சம் மெதுவாக ஏற விட்டிருந்தால் குடி முழுகிப்போயிருக்காது.

ஆயுத விஷயம் இதைவிடச் சிக்கல். இந்த உலகத்தில் வாள், ஈட்டி, தடி எல்லாம் சில டஜன் அடிகளில் உடைந்து போகும். காரணம் விளங்குகிறது. நல்ல வாள் ஒன்று நிரந்தரமாகக் கையில் இருந்தால், தீ வைப்பதும் பாறை உருட்டுவதும் யாருக்கு வேண்டும்? பெருக்கல் நடக்க வேண்டுமானால் கையில் இருப்பது அடிக்கடி மாற வேண்டும். உடைவது ஆட்டக்காரரைப் புதுவழி தேடத் தள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

மனித மனம் அப்படி நடந்துகொள்வதில்லை. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிது என்று காட்டியது. இழப்பு வெறுப்பு என்பார்கள். இந்த விளையாட்டில் அது கண்கூடாகத் தெரியும். அரிய ஆயுதம் கிடைத்தால் அதைப் பையிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறோம், பெரிய சண்டைக்கு உதவும் என்று. பெரிய சண்டை வந்தால் அதைவிடப் பெரிய சண்டை வருமே என்று மறுபடி ஒளிக்கிறோம். கடைசியில் கானனை வென்ற பிறகும் பை நிறையப் பயன்படுத்தாத வாள்கள். இன்னொரு பக்கம், வழியில் தெரியும் எதிரி முகாமைத் தாக்கினால் மூன்று ஆயுதம் உடையும், பரிசாக ஒன்று கிடைக்கும். கணக்குப் பார்த்தவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சோதனை செய்யத் தூண்ட வைத்த விதி, பலரைச் சண்டையிலிருந்தே விலக்கிவிட்டது. புகழ்பெற்ற மாஸ்டர் வாள் மட்டும் உடைவதில்லை. சக்தி தீர்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுக்கும்.

கொன்ற எதிரிகள் எங்கே போகிறார்கள் என்பது ரசமான பகுதி. திறந்த உலகத்தில் நாம் செய்த ஒவ்வொன்றையும் கணினி நினைவில் வைத்திருக்க வேண்டும்: எந்த முகாம் காலி, எந்த வாள் எடுக்கப்பட்டது. இதற்கு ஹைரூல் வைத்திருக்கும் வழி செந்நிலா. சில நாட்களுக்கு ஒருமுறை நள்ளிரவில் நிலா சிவக்கும், வானில் தீப்பொறி பறக்கும், மாண்ட அரக்கர்கள் எல்லோரும் உயிர்த்தெழுவார்கள். கதைப்படி கானனின் சக்தி உச்சத்துக்கு வரும் இரவு அது. ரசிகர்கள் நிரலைப் பிரித்து ஆராய்ந்ததில் தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 168 நிமிட ஆட்டம் சேர்ந்தால் அடுத்த நள்ளிரவில் நிலா சிவக்கும். ஹைரூலின் ஒரு நாள் நமக்கு 24 நிமிடம் என்பதால் அது சரியாக ஏழு நாள். சில சமயம் பட்டப்பகலில் திடுமென்று செந்நிலா வந்து நிற்கும். கன்சோலின் நினைவகம் நிரம்பித் திணறும்போது, விளையாட்டு நின்றுபோகாமல் இருக்க, எல்லாவற்றையும் துடைத்து மீண்டும் தொடங்க அதே காட்சியை அவசரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். பொறியியல் நெருக்கடியைப் புராணமாக்கிய இந்தச் சாமர்த்தியத்தை நான் குறைப் பட்டியலில் சேர்க்கமாட்டேன்.

உண்மையான குறை நாலாம் நாள் மாவுதான். விதிகள் பெருகின, ஆனால் அந்த விதிகள் ஆடும் மேடைப் பொருள்களைக் கூட்டித்தான் நிரப்ப முடிந்தது. 120 சிற்றாலயங்கள், உள்ளே நுழைந்தால் எல்லாவற்றுக்கும் அதே நீலவெளிச்சச் சுவர், அதே இசை. புதிர்கள் பல அருமை, சில அலுப்பு. நடுநடுவே ஒரே இயந்திரக் காவலனோடு திரும்பத் திரும்பச் சண்டை. தெய்வ விலங்குகள் எனப்படும் நான்கு பெரிய கோட்டைகளின் உட்புறமும் ஒன்றுபோல், அவற்றுக்குள் காத்திருக்கும் நான்கு எதிரிகளும் ஒரே அச்சில். வெளியில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று எதிரியின் தோல் மாறும், ஆள் மாறுவதில்லை. முதல் முப்பது மணி நேரத்தில் ஒவ்வொரு சந்திப்பும் கண்டுபிடிப்பு. எண்பதாவது மணி நேரத்தில் விதிகள் எல்லாம் கைப்பாடமாகிவிடும்; அதன் பிறகு புதிய மேடு தெரிந்தால் அதற்கப்பால் என்ன இருக்கும் என்று முக்கால்வாசி முன்பே தெரியும். முக்கோணத்தின் மர்மம் அங்கே தீர்கிறது.

கதையின் நிலையும் இதேதான். எந்தத் திசையிலும் போகலாம் என்றால் எந்தச் சம்பவம் முதலில் வரும் என்று எழுத்தாளருக்குத் தெரியாது. ஆகவே நடந்ததையெல்லாம் நூறாண்டுக்கு முன் தள்ளி, அங்கங்கே கிடைக்கும் நினைவுத் துண்டுகளாக வைத்தார்கள். இளவரசி ஸெல்டாவின் பாத்திரம் அந்தத் துண்டுகளில் நன்றாக வந்திருக்கிறது; நிகழ்காலத்தில் சொல்லத்தக்க எதுவும் நடப்பதில்லை.

படம் தடுமாறுவதும் ஒரு குறையாக அன்று பேசப்பட்டது. நொடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொரு படத்தையும் கணக்கிட 33 மில்லிநொடிதான். புல் அசைவு, காற்று, தீ, நிழல் எல்லாம் சேரும் அடர்ந்த காட்டுப் பகுதியில் அந்த அவகாசம் போதவில்லை. விளையாட்டு வெளியான மாத இறுதியிலேயே வந்த திருத்தம் ஓரளவு சரிசெய்தது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான பதிப்பு வந்தபோது சிக்கல் தீர்ந்தே போனது. மழை மட்டும் அப்படியே வழுக்குகிறது. எது இயந்திரத்தின் போதாமை, எது வடிவமைப்பின் தேர்வு என்று இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது.

வடிவமைப்பின் குறைகளை அவர்கள் உணர்ந்தார்களா என்று பார்க்க 2023 மே 12 அன்று வந்த தொடர்ச்சி, 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்', இருக்கிறது. ஆயுதம் அதிலும் உடைகிறது. ஆனால் கொன்ற அரக்கனின் கொம்பை எடுத்து எந்தத் தடியிலும் ஒட்டிப் புது ஆயுதம் செய்துகொள்ளலாம். சண்டையின் கணக்கு மறுபடி லாபத்துக்குத் திரும்பியது. வழுக்கலுக்கு ஒரு மருந்தும், வழுக்காத உடையும் வந்தன. எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தப் பொருளையும் எந்தப் பொருளோடும் ஒட்டும் திறன் லிங்கின் கைக்கு வந்தது. அதாவது எந்தப் பக்கத்தைப் பெருக்கல் கணக்கிலிருந்து தள்ளிவைத்தார்களோ, அந்தப் பொருளும் பொருளும் சந்திக்கும் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். விலையும் கொடுத்தார்கள். நிரலாளர் தகாஹிரோ தகயாமா 2024-இன் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் விவரித்தபடி, தொடக்கத்தில் ஒட்டிய பொருள்கள் உடைந்தும் பறந்தும் உலகமே குலைந்துகொண்டிருந்தது. ஒரு பொருள்கூட விதிவிலக்கில்லாமல் எல்லாமே இயற்பியல் விதிப்படி அசைய வேண்டும் என்று மாற்றி எழுதிய பிறகே நிலைபெற்றது. முதல் விளையாட்டின் சிறு வளைப்புகள் அங்கே செல்லவில்லை.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், இயந்திரத் திறமையில் இரண்டாவது, நிலத்தை முதன்முறையாக நடந்து பார்க்கும் சுகத்தில் முதலாவது என்பேன். ஆடிப்பார்க்க நினைப்பவர்கள் முதலாவதிலிருந்து தொடங்குங்கள். அமைப்புகளில் 'ப்ரோ' முறையைத் தேர்ந்தால் மூலையிலுள்ள குறுவரைபடம் மறைந்துவிடும். நிலத்தைக் கண்ணால் படிக்க அது உதவும். அலுப்பு தட்டியதும் நேராகக் கோட்டைக்குப் போய் முடித்துவிடுங்கள். நாடு முழுக்க ஒளிந்திருக்கும் 900 கொரோக் விதைகளையும் சேர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பையை முழு அளவுக்குப் பெரிதாக்க 441 போதும். 900-ஐயும் சேர்த்து முடித்தவர்களுக்கு அந்த விளையாட்டு தரும் பரிசு, சாணி வடிவில் ஒரு பொன்னிறக் கட்டி.